கடல் சாமந்தியோட கொட்டுற செல்லை வீட்லயே மைக்ரோஸ்கோப்ல பாக்கறது எப்படி

மெரைன் டேங்க், அதாவது வீட்ல உப்புத் தண்ணித் தொட்டி வெச்சிருக்கற யார்கிட்டயாவது ஐப்டேசியான்னு ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்க, வேப்பெண்ணெய் குடிச்ச மாதிரி மூஞ்சி போகும். நான் டேங்க் ஆரம்பிச்ச புதுசுல ஒருத்தர்கிட்ட செகண்ட் ஹேண்ட்ல கல்லு வாங்கினேன், "சுத்தமான கல்லு சார், கண்ண மூடிட்டு போடுங்க"ன்னாரு, நானும் நெஜமாவே கண்ண மூடிட்டுத்தான் போட்டேன், ரெண்டு மாசத்துல பெரம்பூர் வீட்டு ஹால்ல இருந்த மூணடி டேங்க் முழுக்க பிரவுன் கலர்ல, வெளிச்சம் பட்டா உள்ள தெரியற மாதிரி குட்டிக் குட்டிப் பூவா முளைச்சு நிக்குது. அதான் ஐப்டேசியா. கடல் சாமந்தியில (சீ அனிமோன், பூ மாதிரி இருந்தாலும் விலங்குதான்) ஒரு வகை, டேங்க்காரங்களுக்கு பார்த்தீனியம் மாதிரி. பிச்சு எடுக்கலாம்னு போனா அடிப்பாதத்துல இருந்து ஒரு துணுக்கு கல்லுல மிஞ்சினாலே போதும், அது திரும்ப முழுசா வளர்ந்துடும்.

ஆனா கொட்டுற செல்லை நேர்ல பாக்கணும்னா இதைவிட நல்ல சாம்பிள் கிடையாது. அக்கா பொண்ணு +1 பயாலஜி குரூப், நெமட்டோசிஸ்ட், அதாவது கொட்டுற செல்லுக்குள்ள இருக்கற கேப்சூலோட படத்தை பத்து தடவையாவது வரைஞ்சிருப்பா, சொம்புக்குள்ள கயிறைச் சுருட்டிப் போட்ட மாதிரி ஒரு படம் இருக்குமே அதான், ஆனா நெசத்துல ஒரு தடவை கூட பாத்ததில்ல. லீவுக்கு வந்தவ "மாமா, உங்க டேங்க்லதான் இவ்ளோ இருக்கே, ஒண்ணைப் பிடிச்சுப் பாக்கலாமா?"ன்னு கேட்டதுல ஆரம்பிச்சது இது. நாலஞ்சு தடவை சொதப்பி அப்புறம் செட் ஆன முறையைத்தான் எழுதறேன்.

முதல்ல சாமான். மைக்ரோஸ்கோப் காலேஜ் பசங்க யூஸ் பண்ற அம்பாலா மேக் போதும், ஆனா 40 மடங்கு லென்ஸ் கட்டாயம் இருக்கணும், 10 மடங்கு ஐபீஸோட சேத்து 400 மடங்கு வரும். பேப்பர்ல மடிக்கற ஃபோல்ட்ஸ்கோப் இருக்கு, 140 மடங்கு காட்டும், அதுல கேப்சூல் பொடி அரிசி மாதிரி தெரியலாம், உள்ள இருக்கற நூலெல்லாம் எதிர்பார்க்காதீங்க. ஸ்லைடு, கவர் ஸ்லிப், டிராப்பர், கூர்மையான சின்ன கத்திரிக்கோல், ட்வீஸர் இதெல்லாம் பாரிஸ் கார்னர் பக்கம் லேப் சாமான் விக்கற கடைகள்ல கெடைக்கும். அப்புறம் கையுறை, ஊசி இல்லாத சிரிஞ்ச், டிஷ்யூ பேப்பர், சமையலுக்கு வாங்கற வெள்ளை வினிகர். கடைசியா ரொம்ப முக்கியமானது, அதே டேங்க்ல இருந்து எடுத்த உப்புத் தண்ணி ஒரு டம்ளர். குழாய்த் தண்ணியில உப்பைக் கரைச்சு சமாளிக்கலாம்னு நெனைக்காதீங்க, நான் பண்ணினேன், வேலைக்கு ஆகல.

சாம்பிளுக்கு மெரைன் டேங்க் வெச்சிருக்கற யாரையாவது கேளுங்க, இல்லன்னா ஒரு ஞாயித்துக்கிழமை கொளத்தூர் மீன் மார்க்கெட் பக்கம் போய் கடல் மீன் விக்கற கடைகள்ல விசாரிங்க, ஐப்டேசியா ஒட்டின நத்தை ஓடோ கல்லோ சும்மாவே குடுப்பாங்க, தொல்லை ஒழிஞ்சதுன்னு. பீச்சுல, பாறையில இருக்கறதைச் சுரண்டி எடுக்கப் போகாதீங்க. அதுங்க பாட்டுக்கு அங்க இருக்கட்டும். அதோட கூட பவளம் ஏதாவது ஒட்டிட்டு வந்தா சட்டச் சிக்கல் வேற, கல்பவளம் எல்லாமே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணையில இருக்கு, புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு.

இன்னொரு விஷயம், இதை சாதாரணமா எடுத்துக்காதீங்க. கல்லுல பட்டன் பட்டனா கூட்டமா ஏதாவது ஒட்டியிருந்தா அந்தக் கல்லை இதுக்கு யூஸ் பண்ணவே வேணாம். அது சோயாந்திட் வகையா இருக்கலாம், அதுல சிலதுல பாலிடாக்சின்னு பயங்கரமான விஷம் இருக்கு. ஐப்டேசியாவைக் கொல்றேன்னு கல்லை வெந்நீர்ல போட்டு கொதிக்க வெச்சு, அந்த ஆவியைச் சுவாசிச்சு குடும்பத்தோட ஆஸ்பத்திரிக்குப் போன கேஸெல்லாம் வெளிநாட்டுல உண்டு. கல்லை எந்தக் காரணத்துக்காகவும் வேக வெக்காதீங்க.

சரி, என்னத்தைத் தேடறோம்னு தெரிஞ்சுட்டு உள்ள போவோம். ஜெல்லி மீன், பவளம், ஹைட்ரா, கடல் சாமந்தி எல்லாம் நிடேரியாங்கற ஒரே குடும்பம், பத்தாயிரம் இனத்துக்கு மேல, இந்தக் கூட்டத்துக்கே அடையாளம் இந்த கொட்டுற செல்தான். செல்லுக்குள்ள கோல்ஜி உறுப்புல இருந்து ஒரு கேப்சூல் உருவாகுது. அதோட சுவரு நம்ம தோல்ல இருக்குற கொலாஜனுக்குச் சொந்தக்கார புரோட்டீன்ல, ஒண்ணோட ஒண்ணு கந்தகப் பிணைப்பு போட்டு இறுக்கி நெய்தது. உள்ள ஒரு நீளமான குழல், சாக்ஸை உள்பக்கமா திருப்பி வெச்ச மாதிரி சுருண்டு கெடக்கும், அதைச் சுத்தி உப்பும் ஒரு அமினோ அமிலச் சங்கிலியும் அடர்த்தியா இருக்கறதால அழுத்தம் ஏறிக்கிட்டே போகும். ஹைட்ராவுல கணக்குப் போட்டிருக்காங்க, கிட்டத்தட்ட 150 பார். கார் டயர்ல ரெண்டு பார் சொச்சம்தான். நம்ம சிஎன்ஜி ஆட்டோ சிலிண்டர் ஃபுல்லா அடிச்சா 200 பார், கிட்டத்தட்ட அந்த ரேஞ்சுல ஒரு அழுத்தத்தை முடியோட தடிமனை விடச் சின்ன டப்பாவுல அடைச்சு வெச்சுருக்கு இந்த ஜந்து, அதுவும் உடம்பு பூரா ஆயிரக்கணக்குல.

இப்ப வேலையைத் தொடங்கலாம். கையுறை போட்டுக்கோங்க. கல்லோட அந்த ஐப்டேசியாவை ஒரு கண்ணாடி கிண்ணத்துல, டேங்க் தண்ணியிலயே வெச்சு பத்து பதினஞ்சு நிமிஷம் தொந்தரவு பண்ணாம விடுங்க, மூடிட்டு இருந்தது விரிஞ்சு வரும். எல்லாரும் பண்ற தப்பு இங்கதான், நேரா போய் கொடுக்குங்களை, வாயைச் சுத்தி விரல் மாதிரி நீட்டிட்டு இருக்குமே அதை, வெட்டிடுவாங்க. கொடுக்குல கேப்சூல் இருக்கும்தான், ஆனா கூடவே பாசியும், பசை மாதிரி ஒட்டற ஸ்பைரோசிஸ்ட்ங்கற வேற வகை கேப்சூலும் மண்டிக் கெடக்கறதால முதல் தடவை பாக்கறவனுக்கு ஒண்ணும் புரியாது. நமக்கு வேண்டியது அக்கான்ஷியா. ஐப்டேசியா ரொம்ப பயந்தா வயித்துக்குள்ள இருந்து வெள்ளை நூல் மாதிரி ஒண்ணை வெளிய விடும், வாய் வழியாவும் வரும், உடம்புச் சுவத்துல இருக்கற சின்னச் சின்ன ஓட்டை வழியாவும் வரும், அந்த நூல் முழுக்க கேப்சூல்தான், வேற கலப்படம் கம்மி. அதை வரவழைக்க சிரிஞ்ச்ல தண்ணியை உறிஞ்சி அது மேல நாலு தடவை பீச்சுங்க, அப்புறம் பல்குத்தும் குச்சியால உடம்போட நடுப்பாகத்துல லேசா குத்துங்க. சுருங்கும், இன்னும் குத்துங்க. பாவமாத்தான் இருக்கும், ஆனா சட்டுனு தையல் நூல் மாதிரி வெள்ளையா ரெண்டு மூணு இழை வெளிய தள்ளிட்டு நிக்கும் பாருங்க, அப்ப அரை சென்டிமீட்டர் நறுக்கி டிராப்பர்ல உறிஞ்சிடுங்க.

ஸ்லைடுல ஒரு சொட்டு டேங்க் தண்ணி, அதுல அந்த நூல், மேல கவர் ஸ்லிப்பை ஒரு ஓரமா சாய்ச்சு மெதுவா படுக்க விடுங்க, தொப்புனு போட்டா குமிழி மாட்டிக்கும். முதல்ல 10 மடங்கு லென்ஸ். வெட்டி எடுத்த நூல், தலையும் கிடையாது வாலும் கிடையாது, ஆனா அது பாட்டுக்கு நெளிஞ்சுக்கிட்டு போகும், அதைப் பாத்துட்டு எங்க பொண்ணு "ஐயோ மாமா, உசுரோட இருக்கு"ன்னு பின்னாடி போயிட்டா. நூல் மேல குட்டி முடி மாதிரி இருக்கற சிலியாவெல்லாம் சேந்து துடுப்பு போடறதுதான் அது. நெளியறது கொஞ்சம் அடங்கட்டும், அப்புறம் 40 மடங்குக்கு மாத்துங்க, வெளிச்சத்தைக் குறைங்க, கீழ இருக்கற டயஃப்ரம்மை பாதிக்கு மேல மூடிடுங்க. இதை நான் மூணாவது தடவைதான் கண்டுபிடிச்சேன். கேப்சூல் கண்ணாடி மாதிரி இருக்கும், வெளிச்சம் தூக்கலா இருந்தா கண்ணுக்கே படாது.

மூடினதும் தெரியும். தீப்பெட்டிக்குள்ள குச்சி அடுக்கின மாதிரி நெருக்கி அடுக்கியிருக்கும், ஒவ்வொண்ணும் கொஞ்சம் வளைஞ்ச சுரைவிதை ஷேப்பு. ஃபோகஸை முடியளவு திருப்பித் திருப்பிப் பாருங்க, பெரிய கேப்சூல்ல நடுவுல ஒரு அழுத்தமான தண்டு நீட்டா போகும், அதுதான் ஈட்டி மாதிரி வெளிய பாயற நூலோட அடிப்பாகம், மிச்ச இடத்துல நூல் சுத்து மங்கலா தெரியும். புத்தகத்துல மேல ஒரு மூடி, பக்கத்துல ஒரு முள்ளு மாதிரி டிரிகர் போட்டிருப்பாங்களே, அதை இங்க தேடாதீங்க, அது ஹைட்ரா படம். கடல் சாமந்தியில மூடிக்குப் பதிலா மூணு மடிப்பு சேந்து மூடியிருக்கும், டிரிகரும் ஒத்தை முள்ளு கிடையாது, முடிக்கத்தை மாதிரி ஒரு அமைப்பு.

இதுவரைக்கும் டிரெய்லர். இனி கவர் ஸ்லிப்போட ஒரு ஓரத்துல ஒரு சொட்டு வினிகர் வைங்க, எதிர் ஓரத்துல டிஷ்யூ பேப்பரைத் தொட வைங்க, பேப்பர் தண்ணியை உறிஞ்ச உறிஞ்ச வினிகர் இந்தப் பக்கத்துல இருந்து உள்ள ஓடி வரும். கண்ணை ஐபீஸ்ல இருந்து எடுக்கவே எடுக்காதீங்க. ஒரு செகண்ட் ஒண்ணும் இருக்காது, அடுத்த செகண்ட்ல நூலோட ஓரம் பூரா முடி முளைச்ச மாதிரி ஆயிடும். நடுவுல என்ன நடந்துச்சுன்னு பாக்கவே முடியாது, முன்னாடி இருந்தது, பின்னாடி இருக்கறது, அவ்ளோதான். இன்னும் நூலைச் சுடாத கேப்சூல் பக்கத்துலயே சுட்டு முடிச்ச கேப்சூல் காலியா நிக்கும், அதுல இருந்து கேப்சூலை விடப் பல மடங்கு நீளமான நூல் ஒண்ணு நீட்டிக்கிட்டு இருக்கும், அடித்தண்டுல மீன் முள்ளு மாதிரி சின்னச் சின்ன முள்ளு கூட தெரியும். எனக்கு இந்த இடம்தான் உசுரு.

ஃபோன்ல ஸ்லோ மோஷன் வெச்சுப் புடிச்சிடலாம்னு நானும் ஐபீஸ்ல கேமராவை ஒட்டி ஒரு சாயங்காலம் முழுக்க உக்காந்தேன். நடக்காது. 2006ல ஜெர்மனிக்காரங்க ஹைட்ராவுல இதை அளந்தாங்க, செகண்டுக்கு பதினாலு லட்சம் படம் எடுக்கற கேமரா வெச்சு, முதல் குத்து 700 நானோசெகண்ட்ல முடிஞ்சு போச்சு, வேக முடுக்கம் புவியீர்ப்பை விட 50 லட்சம் மடங்குக்கு மேல. நம்ம ஃபோன் ஸ்லோ மோஷன் செகண்டுக்கு 240 படம், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவுல இருக்கற கேப்ல அந்த மாதிரி குத்து கிட்டத்தட்ட ஆறாயிரம் குத்தலாம்.

கண்டிப்பா வர்ற சந்தேகம் ஒண்ணு. கொடுக்கை வெட்டிப் பாத்தா தங்க பிரவுன்ல உருண்டை உருண்டையா தெரியும், நிறையப் பேர் அதைத்தான் கொட்டுற செல்னு படம் புடிச்சு அனுப்பறாங்க. அது பாசி. கடல் சாமந்திக்குள்ள குடியிருந்து வெயில்ல சமைச்சுப் போடற வாடகைக்காரன், ஒவ்வொண்ணும் பத்து மைக்ரான் கிட்ட இருக்கும், அதனால அதையே ஸ்கேலா வெச்சு மத்ததை அளந்துக்கலாம், நல்ல வசதி. அப்புறம் நூல் சுத்து நெருக்கமா, ஸ்பிரிங் மாதிரி ஒரே சீரா, சுவரும் மெல்லிசா இருந்தா அது ஸ்பைரோசிஸ்ட், விஷம் கிடையாது, வெளிய வந்ததும் பசை மாதிரி ஒட்டிக்கும். கடல் சாமந்தியைத் தொட்டா விரல்ல பிசுபிசுன்னு புடிச்சு இழுக்கற மாதிரி இருக்கும்ல, அது வெறும் கோழை கிடையாது, இந்த நூலெல்லாம் உங்க விரல்ல கொத்தா மாட்டிக்கிட்டு இழுக்கறதுதான். விரல் தோல் கெட்டியா இருக்கறதால பெரும்பாலும் வலிக்கறதில்ல. அதுக்காக முழங்கையோட உள்பக்கத்துல வெச்சுப் பாக்கற வேலையெல்லாம் வேணாம்.

நேரம் இருந்தா இன்னொரு சோதனை பண்ணுங்க, இதுக்கு வெட்டற வேலையே கிடையாது. இறால் வாங்கிட்டு வந்து அலசற தண்ணி கொஞ்சம் எடுத்து ஒரு கவர் ஸ்லிப்ல தடவிக் காய வைங்க, இன்னொண்ணு சுத்தமா துடைச்சது. ரெண்டையும் ட்வீஸர்ல புடிச்சு விரிஞ்சு நிக்கற ஐப்டேசியாவோட வேற வேற கொடுக்குல ஒரு செகண்ட் தொட்டு எடுத்து மைக்ரோஸ்கோப்ல வெச்சுப் பாருங்க. சுத்தமான கண்ணாடியில நூல் அங்கொண்ணும் இங்கொண்ணும் இருக்கும், இறால் வாசம் பட்டதுல ஈஷி வெச்சிருக்கும். 1942லயே பாண்டின்னு ஒரு இங்கிலாந்துக்காரர் இதைத் தெளிவா எழுதிட்டாரு, தொடறது மட்டும் பத்தாது, சாப்பாட்டு ருசியும் சேந்து வரணும்னு. கல்லுல ஒரசினதுக்கெல்லாம் சுட்டுட்டு இருந்தா கட்டுப்படியாகாது, ஒவ்வொரு கேப்சூலும் ஒரு தடவைதான், சுட்டதும் அந்த செல் காலி, புதுசா ஒண்ணு வளர்ந்து வரணும். 2020ல நெமட்டோஸ்டெல்லாங்கற கடல் சாமந்தியில அந்த செல்லோட கால்சியம் வாசலையே புடிச்சுட்டாங்க, சாதாரண நேரத்துல அது பூட்டு போட்ட மாதிரியே இருக்கு, இரையோட கெமிக்கல் வந்து பூட்டைத் தளர்த்தினாத்தான் அடுத்து வர்ற தொடுதல் வேலை செய்யுது.

கவனிச்சீங்களா, வெட்டி எடுத்த நூலும் ஸ்லைடு மேல சுட்டுச்சு. மூளையே இல்லாத ஜந்து, அதுல இருந்து பிச்ச துண்டு, அதுவும் சுடுது. பக்கத்து செல்லு நரம்பெல்லாம் சொன்னா கொஞ்சம் கூடக் கொறையச் சுடும், ஆனா அனுமதி கேட்டுத்தான் சுடணும்னு கிடையாது. இதைக் கண்ணால பாத்ததுக்கு அப்புறம்தான் பீச்சுல செத்துக் கெடக்கற சொறியை, அதாவது ஜெல்லி மீனை, ஏன் தொடக்கூடாதுன்னு மீனவர்கள் திட்டறாங்கங்கறது எனக்கு மண்டையில ஏறிச்சு. செத்தது ஜெல்லி மீனு, கேப்சூல் இன்னும் லோடு பண்ணித்தான் இருக்கு, காஞ்சு கெடந்தாலும். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயலுக்கு அப்புறம் பெசன்ட் நகர் பீச்சுல நீல டிராகன் ஒதுங்கிச்சுன்னு நியூஸ் வந்துச்சுல்ல, விரல் நீளம் கூட இல்லாத ஓடில்லாத நத்தை அது, நீலப்பாட்டில் சொறியைத் தின்னுட்டு சுடாத கேப்சூலை மட்டும் பத்திரமா தன் விரல் மாதிரி இருக்கற நுனியில சேத்து வெச்சுக்கும். திருட்டு துப்பாக்கி. அழகா இருக்கேன்னு கையில எடுத்தா அதுவும் கொட்டும்.

ஸ்லைடுல வினிகருக்குப் பதிலா ஒரு சொட்டு கேன் தண்ணி விட்டும் பாருங்க. வினிகர் அளவுக்கு இல்லன்னாலும் அங்கங்க வெடிக்கும். இதனாலதான் மெரினாவுலயோ கோவளத்துலயோ யாருக்காவது சொறி பட்டா கையில இருக்கற வாட்டர் பாட்டிலை ஊத்தாதீங்க, மண்ணைப் போட்டுத் தேய்க்காதீங்கன்னு சொல்றாங்க, தோல்ல ஒட்டியிருக்கற சுடாத கேப்சூல்தான் சுட்டதை விட ஜாஸ்தி. கடல் தண்ணியாலயே கழுவி, ஒட்டின இழையை ட்வீஸர்லயோ ஏதாவது அட்டையாலயோ தூக்கி எடுத்துட்டு, கை தாங்கற சூட்டுல, 45 டிகிரி கிட்ட வெந்நீர்ல இருபது நிமிஷம் வைக்கணும். வினிகர் இனத்துக்கு இனம் மாறும், பெட்டி ஜெல்லிக்கு அது மிச்ச கேப்சூலைச் சுடவிடாம அடக்கும், வேற சிலதுல நம்ம ஸ்லைடுல பாத்த மாதிரி தூண்டி விட்டுடும், எது கொட்டிச்சுன்னு தெரியாதப்ப அதைத் தொடாம இருக்கறது நல்லது. மூச்சு வாங்கினாலோ, உடம்பு பூரா தடிச்சாலோ, முகம் வீங்கினாலோ வெந்நீர் வெச்சுட்டு உக்காந்திருக்காதீங்க, 108.

தடிப்புன்னதும் ஞாபகம் வருது. அலர்ஜியில ஆளைச் சாய்க்கற அனாஃபிலாக்ஸிஸ் இருக்கே, அதைக் கண்டுபிடிச்சதே கடல் சாமந்தியாலதான். ரிஷே, போர்டியேன்னு ரெண்டு பிரெஞ்சு விஞ்ஞானிங்க 1901ல மொனாக்கோ இளவரசரோட கப்பல்ல சொறி விஷத்தை ஆராய ஆரம்பிச்சு, பாரிஸுக்குத் திரும்பினதும் அது கெடைக்கலன்னு கடல் சாமந்திக் கொடுக்கோட சாறை நாய்களுக்குப் போட்டாங்க, பழகிடும்னு நெனைச்சாங்க. நெப்டியூன்னு ஒரு நாய், முதல் தடவை ஒண்ணும் ஆகல, மூணு வாரத்துக்கு மேல கழிச்சு திரும்பப் போட்டதும் அரை மணி நேரத்துக்குள்ள செத்துப் போச்சு. ரிஷேவுக்கு 1913ல நோபல். அதனால போன தடவை ஒண்ணும் ஆகலைங்கற தைரியத்துல கையுறையைக் கழட்டாதீங்க, நெப்டியூனுக்கும் போன தடவை ஒண்ணும் ஆகல.

முடிச்சதும் ஸ்லைடு, கத்திரி எல்லாத்தையும் பிளீச்சிங் கரைசல்ல ஊற வெச்சுக் கழுவுங்க, ஆனா அதுக்கு முன்னாடி வினிகர் பட்டதையெல்லாம் தனியா தண்ணியில அலசிடுங்க, வினிகரும் பிளீச்சும் கலந்தா குளோரின் கேஸ் வரும், சமையல்கட்டுல இருமிக்கிட்டே ஜன்னலைத் தொறந்த ஆளு சொல்றேன். மிச்ச தண்ணியும் பிளீச்ல போட்டுத்தான் கொட்டணும், உசுரோட டேங்க்ல ஊத்தினா பரவிடும், கடல்ல, கூவத்துல எல்லாம் விடவே கூடாது. கல்லை மட்டும் நான் தனியா ஒரு ஜாடியில வெச்சிருந்தேன், அந்தப் பெரிய ஐப்டேசியாவைக் கடைசியில சுரண்டி எடுத்தாச்சு. மூணு வாரம் கழிச்சு அக்கா பொண்ணு ஃபோன் பண்ணி, கூடப் படிக்கறவங்க ரெண்டு பேர் பாக்கணும்னு சொல்றாங்க, சாம்பிள் இருக்கான்னு கேட்டா. டார்ச் அடிச்சுப் பாத்தேன். சுரண்டின இடத்துலயே குண்டூசித் தலை சைஸ்ல மூணு நிக்குது.